பாறைப் பங்கு

கிணற்றில் தண்ணீர் கோரும்போது பூங்கனி வாளியைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே கோரினாள். அவளுக்கும் கடலுக்கும் நடுவில் முன்பு ஒரு தெரு இருந்தது. தெருவுக்கு அப்பால் தென்னைகள், அதற்கும் அப்பால் வலை காயப்போட அகலமான மணல். இப்போது இருப்பது ஒரு மதில், அதிலும் பாதிதான் மிச்சம்.

குடத்தை நிறைத்து, அதன் வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ததேயுஸ் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, அறுப்பின் பண்டிகைக்குப் போறவ நெய்மீன் கொண்டு போவா. நீ என்னத்துக்கு இந்தக் கிணத்து வெள்ளத்தச் சுமக்க?"

"போன வருஷம் நெய்மீன் கொண்டு போனேன். இந்த வருஷம் நமக்கு விளைஞ்சது இதுதான்."

"உனக்க அண்ணன் கோவப்படுவாரு."

"படட்டு. ரெண்டு வாரமா போன எடுக்காத ஆளுக்குக் கோவமாவது வரட்டு."

இந்தக் குடும்பத்தோடு சில வாரங்களாகக் கூடவே நடந்து வருகிறவர்களுக்கு அந்தக் கோபம் என்னவென்று தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சின்னச் சுற்று சுற்றி வந்துவிடுவோம்.

பூங்கனி அருமனைப் பக்கத்துப் பெண். ரப்பரும் வேதப்புத்தகமும் உள்ள வீடு. கடியப்பட்டணத்துக்குப் பால்வாடி டீச்சராக வந்தவள், ததேயுஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். கடற்கரைக்காரன், அதுவும் வேறு சபைக்காரன் என்று அப்பா வருஷக்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் சொத்தைப் பிரித்தபோது, வீட்டையும் ரப்பரையும் மகன் சத்தியராஜுக்கு எழுதினார். பெண்ணுக்குக் கொடுக்கவில்லை என்று நாளைக்கு ஒருவன் பேசக்கூடாதல்லவா? ரப்பருக்கு மேலே மொட்டையாக நின்ற பாறையை மகளுக்கு எழுதினார். "கடக்கரைக்காரிக்குக் கல்லு போதும்" என்று அவர் சொன்னதைச் சொந்தக்காரர்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். ஆடுகூட ஏறாத பாறை அது.

கடந்த மாதம் கள்ளக்கடல் வந்தது. காற்றில்லை, மழையில்லை, பட்டப்பகலில் கடல் திருடனைப் போல ஊருக்குள் நுழைந்து பூங்கனியின் அடுக்களைச் சுவரையும் கேஸ் அடுப்பையும் எடுத்துக்கொண்டு போனது. அன்று முதல் கிணறும் உப்பு. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு போட உத்தரவு வந்தாகிவிட்டது, ஆனால் கல் இல்லை. மாவட்டத்தில் உடைகிற கல்லெல்லாம் எங்கெங்கோ போகிறது. அப்போதுதான் குவாரி எடுத்து நடத்துகிற பெனிஷ் வந்து உட்கார்ந்தான். "அக்கா, உங்க பாறையத் தாங்க. முதல் லோடு உங்க கரைக்குத்தான். மழைக்கு முன்ன வளைவு நிக்கும்."

ஊரார் சிரித்த பாறைக்கு இப்படி ஒரு மவுசு வருமென்று அப்பா கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பூங்கனி சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் பாறை அவளுடையது என்றால், அங்கே போகிற பாதை அண்ணனுடையது. ரப்பர் வழியாகத்தான் லாரி ஏற வேண்டும். சத்தியராஜ் முடியாது என்றார், அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. பெனிஷுக்கு நாளைக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் அவன் இயந்திரங்களை வேறு மலைக்குக் கொண்டுபோய்விடுவான். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கினால் இந்த வருஷம் வளைவு கிடையாது. வளைவு இல்லையென்றால் வீடும் கிடையாது.

தக்கலையில் பஸ் மாறி ஏறியபோது கண்டக்டர் குடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஊர்ல ஒக்க கடக்கரைக்குத்தான் வெள்ளம் கொண்டு போவாவ. நீங்க அங்கேருந்து மலைக்குக் கொண்டு போறீங்களே, இது என்ன கூத்து?"

"இது உப்பு வெள்ளம் தம்பி. மலையில கிடைக்காது."

அவன் என்ன நினைத்தானோ, குடத்துக்கு லக்கேஜ் போடவில்லை.

மார்த்தாண்டத்து நெரிசலில் கல் லாரிகள் வரிசையாக நின்றன. முன்பெல்லாம் அந்த லாரிகளைக் கண்டால் பூங்கனிக்கு எரிச்சலாக வரும். இன்று ஒவ்வொன்றையும் ஏக்கத்தோடு பார்த்தாள். இதில் ஒன்றாவது தெற்கே திரும்பி நம் ஊருக்குப் போகாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

*

அருமனைச் சபைக் கோயில் வளாகத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம் தொடங்கியிருந்தது. வாழைக்குலை, பலா, மரச்சீனிக் கிழங்கு, காலைக் கட்டிப்போட்ட சேவல், பாட்டிலில் ஊறுகாய் என்று சபையார் படைத்ததெல்லாம் மேசையில் குவிந்து கிடந்தன. ஒரு வாழைக்குலையை ஒருவர் ஏலம் எடுத்து, அதையே திரும்பப் படைத்து, இன்னொருவர் எடுத்து, அது மூன்றாவது தடவையாக விலை போய்க்கொண்டிருந்தது.

ஏலம் கூறியவர் சத்தியராஜ். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர், ஊருக்குள் 'சோலார் சார்'. வீட்டுக் கூரையில் சோலார், தொழுவத்தில் சாண எரிவாயு, போவதும் வருவதும் பாட்டரி ஸ்கூட்டரில். ரப்பர் சருகைத் தீ வைக்க விடமாட்டார். இந்த வருஷம் பண்டிகைக்கு ஜெனரேட்டர் வேண்டாம், பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், பிளெக்ஸ் வேண்டாம் என்று கமிட்டியில் மல்லுக்கட்டி ஜெயித்திருந்தார். அதனால் கரண்ட் போன நேரத்தில் பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு அவரை மனசாரத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாடுன்னா நிலக்கரிய விட்டு வெயிலுக்கும் காத்துக்கும் மாறணும்" என்று ஏலத்துக்கு நடுவே அவர் பேசிக்கொண்டிருந்தார். "பணக்கார நாடுகள் தாங்க போட்ட புகைக்குத் தாங்களே பொறுப்பேத்துப் பணம் வைக்கணும். நம்மளால அத செய்ய முடியாது. ஆனா நம்ம வீட்டுல ஒரு லைட்ட அணைக்க முடியும். ஒரு மரத்த வெட்டாம இருக்க முடியும். பக்கத்துல போறதுக்குக் கார எடுக்காம இருக்க முடியும். சோத்த வீணாக்காம இருக்க முடியும். அதையாவது செய்வோம்."

"சாரே, முதல்ல சேவல வில்லும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், சத்தியராஜும் சிரித்தார். நல்ல மனுஷன், கேலியைத் தாங்கத் தெரிந்தவர்.

அப்போதுதான் தங்கை குடத்தோடு வருவதைப் பார்த்தார். முகம் ஒரு நொடி மலர்ந்து, பிறகு சுருங்கியது. பூங்கனி மேசையில் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"கடியப்பட்டணத்துலேருந்து எனக்க தங்கச்சி கொண்டு வந்தது" என்று சத்தியராஜ் குரலை உயர்த்தினார். "பதனீரா இருக்கும்!" என்று சொல்லியபடியே துணியை அவிழ்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார். கூட்டம் அவருடைய முகத்தையே பார்த்தது.

"என்ன வெள்ளம்டி இது?"

"எங்க கிணத்து வெள்ளம் அண்ணே. இந்த வருஷம் எங்களுக்குக் கிடைச்ச அறுப்பு இதுதான்."

யாரோ ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தால் விசிறுவதை நிறுத்தினாள்.

படைத்ததைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்தச் சபையில் கிடையாது. வந்தது எதுவானாலும் விலை சொல்லியே ஆக வேண்டும். சத்தியராஜ் தொண்டையைச் செருமினார். "ஒரு குடம் வெள்ளம். கேக்குறவங்க கேக்கலாம்." ஒருவரும் கேட்கவில்லை. மரச்சீனிக்குக் கத்திய வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. "கேக்குறவங்க கேக்கலாம்" என்று மறுபடியும் சொன்னார்.

"அப்ப நானே எடுக்கேன்" என்றார் கடைசியில். "ஒரு தரம். ரெண்டு தரம்."

மூன்றாவது தரம் அவர் வாயிலிருந்து வரவில்லை. போதகர்தான் எழுந்து வந்து, மெல்லிய குரலில், "மூணு தரம்" என்று முடித்துவைத்தார்.

*

வீட்டுக்கு நடந்து போகும்போது குடத்தைச் சத்தியராஜே தூக்கிக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் பாறையின் அடியில் ஒரு ஊற்று உண்டு. கோடையிலும் வற்றாது. அந்தச் சரிவிலுள்ள வீடுகளுக்கும், கீழே உள்ள பள்ளிக்கூடத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். குடத்தை ஊற்றுக் கரையில் இறக்கி வைத்தார்.

அண்ணி ஷைஜா மரச்சீனியும் மீன்கறியும் கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் முதல்ல தின்னுங்க. பிறகு அடிபிடி நடத்துங்க" என்றாள்.

"மைனி, எனக்கு இறங்காது" என்று பூங்கனி தட்டைத் தள்ளி வைத்தாள். "அண்ணே, நாளைக்குள்ள சொல்லணும். பாதை தருவியா?"

"பாறைய உடைச்சா இந்த ஊத்து நிக்காது. மழையில மண்ணு சரிஞ்சு இறங்கும். கீழ பள்ளிக்கூடம் இருக்கு. பக்கத்து மலை இறங்கினத நீயும்தானே டிவியில கண்ட?"

"கண்டேன். எனக்க அடுப்பு கடலுக்குள்ள கெடக்கு, அத நீ கண்டியா? ஒரு நாள் வந்தியா?"

அவர் தட்டை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"உனக்க கூரையில சோலார் இருக்கு. மேடையில லைட்ட அணைன்னு சொல்லுத. கொள்ளாம், நல்லதுதான். நீ சோலார்ல சோறு பொங்குறது கடலுக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரியாது" என்றார் சத்தியராஜ். பட்டென்று ஒத்துக்கொண்டதில் பூங்கனி கொஞ்சம் தடுமாறினாள்.

"நாடுகள் ஒக்க கூடிப் பேசுதாவன்னு முன்ன சொன்னியே. என்ன ஆச்சு?"

"வருஷா வருஷம் கூடுதாவ."

"கூடி?"

"அடுத்த வருஷமும் கூடணும்னு முடிவு எடுக்காவ."

அது சிரிக்கவேண்டிய பேச்சுதான். மற்ற நாளாக இருந்தால் ஷைஜாவாவது சிரித்திருப்பாள்.

"இதெல்லாம் எப்பம் பலிக்கும்? அத மட்டும் சொல்லு."

"ஒவ்வொரு ஆளும் செய்து, ஒவ்வொரு நாடும் செய்தா, உனக்க பேரப்பிள்ளை காலத்துல கடல் இதுக்கு மேல ஏறாம நிக்கலாம். நிக்கும்னு சொல்லல. நிக்கலாம்."

"எனக்க வீட்டுக்கு ஆனி மாசம் வரைக்கும்தான் தவணை."

பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயசில் இருவரும் அதில் காகிதத்தை மடித்து விட்டு விளையாடியவர்கள்தான். அதைப் பேசும் நேரமா இது?

"வளைவு போட்டா எவ்வளவு காலம் நிக்கும்?" என்று கேட்டார் சத்தியராஜ்.

"பத்து வருஷம்னு பெனிஷ் சொல்லுதான். வீட்டுல அவிய அஞ்சுன்னு சொல்லுதாவ."

"பிறகு?"

"பிறகு வேற கல்லு."

"வேற மலை."

"ஆமா, வேற மலை. எனக்கு அஞ்சு வருஷம் போதும்."

"சரி, உங்க கரையில மணல் எப்படிப் போச்சு? ஓர்மை இருக்கா?"

பூங்கனிக்கு நன்றாகவே ஓர்மை இருந்தது. மேற்கே அடுத்த ஊரில் வளைவு போட்டார்கள். அங்கே மணல் சேர்ந்தது, இங்கே வரவேண்டிய மணல் வராமல் கரை கரையத் தொடங்கியது. அந்த ஊர்க்காரர்களைத் ததேயுஸ் இன்றைக்கும் திட்டுவார்.

"அப்பம் நீங்க வளைவு போட்டா கிழக்க உள்ளவன் கரை போவும், இல்லியா?"

"போவட்டு!" என்று பூங்கனி கத்திவிட்டாள். "மேக்க உள்ளவன் எங்கள நினைச்சானா? கிழக்க உள்ளவன் அவனுக்க பாட்ட அவன் பாக்கட்டு. எனக்கு எனக்க வீடு வேணும்."

சொன்ன பிறகு அவளுக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை. பால்வாடிப் பிள்ளைகளிடம் பகிர்ந்து தின்னச் சொல்லிக்கொடுத்த வாய் அது. ஆனால் அடுக்களைச் சுவர் இல்லாத வீட்டில் படுத்து எழுந்து பார்த்தால்தான் தெரியும், நல்ல வார்த்தைகள் எவ்வளவு தூரம் வரும் என்று.

சத்தியராஜ் குடத்தைச் சாய்த்தார். பிறகு உள்ளங்கையில் அந்தத் தண்ணீரை ஏந்தி ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இதையா நீங்க கொதிக்க வைக்கிய?"

"குடிக்க லாரியில வெள்ளம் வரும். வராத நாள் இதுதான், கஞ்சிக்கு உப்பு போட வேண்டாம்."

"பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கிட்ட எத்தனையோ இருக்கு பூங்கனி" என்றார் அவர். "மரம் நடு, பஸ்ல போ, கரண்ட மிச்சம் பிடி. ஒண்ணும் பொய் இல்ல. ஆனா உனக்குச் சொல்ல எனக்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல மக்கா. மலை நிக்கணும், நீ முங்கிப் போன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல."

"அண்ணே…"

"லாரி வரட்டு."

ஷைஜா கையிலிருந்த கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்லுதிய? இந்த ஊத்து போனா ஊர் நம்மள சும்மா விடுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவிய?"

"தெரியல ஷைஜா. லைட்ட அணைக்கச் சொல்லுவேன்."

அவர் தொழுவத்திலிருந்து சுண்ணாம்பு வாளியை எடுத்து வந்தார். லாரி ஏறும் வழியில் எந்தெந்த ரப்பர் மரம் விழவேண்டும் என்று அவரே நடந்து பார்த்து, ஒவ்வொரு மரத்திலும் வெள்ளையாக ஒரு கோடு இழுத்தார். சருகைக்கூட எரிக்க விடாத மனுஷன். பூங்கனி அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். நிறுத்து அண்ணே, வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு மரத்தடியிலும் வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.

புறப்படும்போது ஷைஜா வாசலுக்கு வரவில்லை. கழுவிய குடத்தில் ஊற்றுத் தண்ணீரை நிறைத்து, படியில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.

*

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல தண்ணீர்க் குடம் காலடியில் இருந்தது. வந்த காரியம் ஜெயித்தாகிவிட்டது. பெனிஷுக்கு ஒரு போன் போட்டால் போதும், விடியும்போது இயந்திரம் மலை ஏறிவிடும். ஆனாலும் யாரையோ அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறவளைப் போல அவள் உட்கார்ந்திருந்தாள்.

தக்கலை தாண்டியதும் போன் அடித்தது. மகள் ஜினி. தேங்காய்ப்பட்டணத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை டெல்வின் வளைகுடாவில். சொந்தமாக ஒரு வீடு கட்ட ஒரு வருஷமாக இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அம்மா! எங்க இருக்க?"

"பஸ்ல மக்களே. சொல்லு."

"இன்னைக்கு வரைக்கும் உனக்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன். இடம் முடிஞ்சாச்சு! பதிவும் ஆச்சு. அவரு அங்கேருந்தே எல்லாம் சரிபண்ணிட்டாரு. புதன்கிழமை கல்லு போடுதோம். முதல் கல்லு அப்பாதான் வைக்கணும்."

பூங்கனிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அன்றைய நாளில் அவள் கேட்ட ஒரே நல்ல செய்தி. "எங்கட்டி? தேங்காய்ப்பட்டணத்திலயா?"

"இல்லம்மா. இங்க துறைமுகத்துப் பக்கம் கடல் ஏறுது, வேண்டாம்னு அவருதான் சொன்னாரு. உனக்கு வயசாவுது, பக்கத்துல இருக்கணும்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். நம்ம ஊருக்குக் கிழக்க, கரையோட சேர்ந்து. நடந்தே வந்திடலாம்."

"கிழக்கயா?"

"ஆமாம்மா. நீ வந்து பாரு. வாசலுக்கு முன்ன எவ்வளவு மணல் கெடக்கு தெரியுமா? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப நம்ம வீட்டு முன்ன கெடந்ததே, அதே மாதிரி."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. குடத்துத் தண்ணீர் தளும்பிப் பூங்கனியின் பாதத்தை நனைத்தது. காதில் வேறொரு அழைப்பு விட்டுவிட்டுக் கூவியது. போனை எடுத்துப் பார்த்தாள். பெனிஷ்.

"அம்மா, கேக்குதா? ஏன் பேச மாட்ட? உனக்குச் சந்தோஷம் இல்லியா?"